தாடையில் கத்தி வைக்கிறவள்

நான் முகச் சவரம் செய்துகொள்கிறேன். பெண்தான். கீழக்கரையில் புர்காவும் ரவிக்கையும் தைத்துக் கொடுக்கிறேன். மேலுதட்டிலும் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரு பக்கங்களிலும் வளரும் முடியை அவ்வப்போது ரேசரால் எடுத்துவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் நகையை அடகு வைத்ததைச் சொல்வாள், மாமியாரோடு பேச்சு நின்றுபோனதைச் சொல்வாள், தாடையில் முடி முளைக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டாள். அப்படியே சொன்னாலும் "ஒன்றிரண்டுதான்" என்பாள்.

தையல்காரியிடம் இதை மறைக்க முடியாது. கழுத்தளவு எடுக்கும் நாடா தாடைக்குக் கீழேதான் போகிறது. கையளவு எடுக்கும்போது முழங்கைக்கு மேலே சிவந்து கிடக்கும் தடிப்பு கண்ணில் படுகிறது. நிக்காஹ்வுக்கு ஓரிரு நாள் இருக்கும்போது ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வரும் மணப்பெண்கள், அன்று காலையில்தான் வேக்சிங் முடித்திருப்பார்கள். கை முழுக்கப் பொரிப்பொரியாக எழும்பியிருக்கும். "ஜரிகை குத்துகிறது, ராத்தா" (எங்களிடம் ராத்தா என்றால் அக்கா) என்று என் தையலின் மேல் பழியைப் போடுவார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் ஜரிகைக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். கல்யாணப் பெண்ணிடம் விவாதம் செய்து என்ன ஆகப்போகிறது?

என்னுடையது சிறுவயதிலிருந்தே கோபக்காரத் தோல். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் என்ற எக்சிமா வந்து வந்து போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும்போது கன்னம் வெடிக்கும். மார்கழியில் வாடை அடிக்கும்போது சற்று அடங்கும். காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டினால் காயம் ஆறிவிடும், பிளாஸ்திரி இருந்த இடம் சதுரமாக அரிக்கும். ஒரு கல்யாண வீட்டில் கறுப்பு மருதாணிக் கோன் போட்டுவிட்டார்கள். மறுநாள் கோடு போட்ட இடமெல்லாம் கொப்புளமாக எழும்பியது. இலையை அரைத்தால் வருவது செம்பழுப்பு நிறம்தான். அந்தக் கரிய நிறத்துக்காகத் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். ஒருமுறை அதற்குத் தோல் பகையாகிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க முடிச்சாயப் பாக்கெட்டைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். இப்படிப்பட்ட தோலை வைத்துக்கொண்டு தாடையில் ஆண்பிள்ளை முடியும் வளர்ந்தால் பாடு எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடியை எடுப்பது எளிது. எடுத்த இடத்தை அடுத்த இரண்டு மூன்று நாளைக்குக் காப்பாற்றுவதுதான் கடினம். நம் நிறத்துத் தோலில் ஒரு சிவப்பு வந்தால் அது சிவப்பாகவே வந்து போய்விடுவதில்லை. எங்கே அழற்சி வருகிறதோ அங்கே நிறமி கூடுதலாகச் சுரந்து கறுப்பாகப் படிகிறது. பிடுங்கிய முடி சில வாரங்களில் திரும்ப வந்துவிடும், அந்தக் கறுப்போ மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும். கடற்கரை ஊரில் வெயிலுக்கு என்ன குறை? ஆகவே எந்த முறை முடியை வேரோடு எடுக்கிறது, எது அதிக நாள் தாங்குகிறது என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். எடுத்த பிறகு தோல் என்ன செய்கிறது என்பது ஒன்றுதான் நான் பார்ப்பது.

அந்தக் கணக்கில் த்ரெடிங் எனக்குத் தேறவில்லை. புருவத்துக்குச் சரியாக இருக்கலாம். தாடையின் கீழ்ப்பக்கத்தில் நூல் முறுக்கி ஓடும்போது முடியோடு மேல்தோலும் சிக்குகிறது. தடித்த முடி பாதியில் அறுந்துபோனால் அடுத்த தடவை வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டும் இழுக்கலாம், கேட்டால் செய்வார்கள், கேட்கத்தான் கூச்சப்படுகிறோம். முகத்தில் சின்னச் சின்னத் தட்டை மருக்கள் இருப்பவர்கள் நூல் பக்கமே போகக்கூடாது. மருவின் மேல் ஓடிய நூல் அந்த வைரஸைத் தான் போகும் வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் கல்லூரிப் பெண் ஒருத்திக்கு நெற்றியோரத்தில் மருக்கள் ஒரே வரிசையாக வந்திருந்தன.

வேக்சிங் என்றால் பலரும் சூட்டைத்தான் பயப்படுகிறார்கள். என் தோலுக்குச் சூட்டைவிடப் பிசின்தான் பகை. கடைகளில் விற்கும் பல வேக்ஸ்களில் ஒட்டுவதற்காகப் பைன் மரத்துப் பிசினைச் சேர்க்கிறார்கள். ரோசின் அல்லது கொலோபோனி என்று டப்பாவில் இருக்கும். தோல் ஒவ்வாமைப் பரிசோதனையில் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. பிளாஸ்திரிக்கு அரிக்கும் தோல் வேக்சுக்கும் அரித்தால் வியப்பில்லை, சில பிளாஸ்திரிகளின் பசையிலும் இதே பிசின் உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்லரில் இதை எல்லோரும் கேட்பதில்லை. முகப்பருவுக்கு ட்ரெட்டினோயின், அடாபலீன் போன்ற களிம்பு பூசுகிறவர்களுக்கு மேல்தோல் இளகியிருக்கும். அந்த இடத்தில் வேக்சை இழுத்தால் முடியோடு தோலும் உரிந்து வரும். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டவர்களை, நிறுத்திய பிறகும் ஆறு மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

துபாயில் இருக்கும் என் ராத்தா, வேக்சுக்குப் பதிலாகச் சர்க்கரைப் பாகைக் கொண்டுவந்தாள். அரபுப் பெண்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. சர்க்கரை இரண்டு கோப்பை, எலுமிச்சைச் சாறு கால் கோப்பை, தண்ணீர் கால் கோப்பை. பொன்னிறத்துக்கு வந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, கையில் உருட்டிப் பூசி இழுக்கவேண்டும். நாங்கள் தொதல் என்ற இனிப்பைக் கிண்டுகிற ஊர், பாகின் பதத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் பாகு தோலில் விழுந்தால் உதறினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதையும் நாங்கள் அறிவோம். ஆறியதா என்று முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் அக்குளுக்குக் கொண்டுபோகக்கூடாது. இதில் பிசின் கிடையாது, தண்ணீரிலேயே கரைந்துவிடும், தோலைவிட முடியைத்தான் அதிகம் பற்றும். கைக்கும் காலுக்கும் எனக்கு இது ஒத்துக்கொண்டது. பிறகு நன்றாகக் கழுவிவிட்டு அன்று வெயிலில் போகாமல் இருந்தால் போதும். எலுமிச்சைச் சாறு தோலில் தங்கி வெயில் பட்டால் அந்த இடம் தீப்பட்டதுபோல் கறுக்கும். முகத்துக்கு நான் இதைக் கொண்டுபோவதில்லை. இழுப்பது எதுவானாலும் இழுப்புதான்.

முடி நீக்கும் கிரீமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் இருக்கும் தையோகிளைக்கோலேட் என்ற உப்பு, முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை அறுத்து முடியைக் கூழாக்குகிறது. நம் மேல்தோலும் அதே கெரட்டினால் ஆனதுதான். முடிக்கு ஐந்து நிமிடம், தோலுக்கு ஆறாவது நிமிடம் என்று அந்த மருந்துக்குத் தெரியாது. காரத்தன்மை பிஎச் 12 வரை போகும். கரப்பான் தோலில் அதைப் பூசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. காலுக்குப் பூசியே தீரவேண்டும் என்பவர்கள் முதல்நாள் ஒரு காசளவு இடத்தில் பூசிப் பார்த்து, ஒரு முழு நாள் பொறுத்திருந்து பிறகு முடிவு செய்யட்டும். ப்ளீச் எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. மாநிறத் தாடையில் பொன்னிற மயிர் எதை மறைக்கும்?

மிஞ்சியது சவரம்.

"கத்தி வைத்தால் தடிமனாக வளரும்" என்று உம்மா இன்றைக்கும் சொல்கிறார். இதைச் சொல்லாத வீடு இந்தக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இருக்காது. 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர், சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, தடிமனும் வளரும் வேகமும் மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். கத்தி தொடுவது தோலுக்கு வெளியே நிற்கும் செத்த பகுதியை மட்டும். வேர் உள்ளே இருக்கிறது, வெளியே நடப்பது அதற்குத் தெரியாது. முடியின் நுனி இயல்பில் கூராக இருக்கும், வெட்டினால் மொட்டையாக நிற்கும், விரலால் தடவும்போது சொரசொரக்கும். அவ்வளவுதான். உம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்த அமெரிக்காக்காரிக்குத் தாடி இருந்ததா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

மார்க்கம் சார்ந்த தயக்கமும் எங்களிடம் உண்டு. நாங்கள் ஷாஃபி மத்ஹபை, அதாவது இமாம் ஷாஃபியின் சட்டவழியைச் சேர்ந்தவர்கள். அக்குள் முடியைப் பிடுங்குவது சுன்னத், அதாவது நபிவழி, நாற்பது நாளைத் தாண்டவிடக்கூடாது என்று சிறுவயதில் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. ஆகவே பிடுங்கிப் பிடுங்கி அக்குளில் கட்டி வந்து, கையைத் தூக்க முடியாமல் அளவு கொடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இமாம் ஷாஃபியின் கதையைத்தான். ஒருநாள் நாவிதர் இமாமின் அக்குளைச் சிரைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்துவிட்டார். பிடுங்குவதுதான் சுன்னத் என்று தமக்குத் தெரியும், வலியைத்தான் தாங்க முடியவில்லை என்றாராம் இமாம். இதை எங்கள் மத்ஹபின் பிற்கால அறிஞரான இமாம் நவவீ பதிவுசெய்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை அகற்றுவது விரும்பத்தக்கது என்று சொன்னவரும் அவரே. புருவம் வேறு கணக்கு, அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தாடைக்கு எனக்கு அனுமதி இருக்கிறது, வலிக்கு முன்னோடி இருக்கிறார், அது போதும்.

சவரத்துக்கு முதல் தடை எங்கள் ஊர்த் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாயில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, தோலில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும், அதன் மேல் கத்தி போனால் தடுக்கித் தடுக்கிப் போகும். ஆகவே குளிப்பதை உப்புத் தண்ணீரில் முடித்துவிட்டு, முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர், குடத்தில் பிடித்துச் சமையலுக்கு வைத்திருப்பது. "குடிக்கிற தண்ணீரில் சவரமா?" என்று உம்மா இதற்கும் ஒரு பாட்டம் பேசுவார். ஒரு சொம்புதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

குளித்த உடனே, முடி ஊறி மிருதுவாக இருக்கும்போது செய்யவேண்டும். முடி நீளமாக இருந்தால் முதலில் சிறு கத்தரிக்கோலால் நறுக்கிக்கொள்கிறேன். சோப்பு வேண்டாம். வாசனை சேர்க்காத கிரீமோ, கரப்பானுக்கு மருத்துவர் எழுதித்தந்த களிம்பு வகை கிளென்சரோ தடவி இரண்டு நிமிடம் விடுகிறேன். ஒன்றோ இரண்டோ பிளேடு உள்ள சாதாரண ரேசர் போதும். ஐந்து பிளேடு ரேசர்கள் முடியைத் தூக்கிப் பிடித்துத் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டுகின்றன. மழமழவென்று இருக்கும், பிறகு முடி உள்ளேயே வளரும். தோலை இழுத்துப் பிடிக்கக்கூடாது. முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாக. கழுத்தில் முடி பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், விரலால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டக்கூடாது. கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். கரப்பான் கிளர்ந்திருக்கும் நாளில் கத்தியைத் தொடவே மாட்டேன். அந்த வாரம் தாடியோடுதான் தைப்பேன்.

பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே வெறும் வாசலின். படிகாரம் வேண்டாம். சலூனில் ஆண்களுக்குத் தடவுவதைப் பார்த்துப் பெண்களும் தடவிக்கொள்கிறார்கள், உலர்ந்த தோலை அது இன்னும் உலர்த்தும். பவுடர் வேண்டாம். கஸ்தூரி மஞ்சளும் அன்று வேண்டாம். மஞ்சளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பயத்தம் மாவும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துத் தேய்த்து வளர்ந்தவள்தான் நானும். தேய்க்கிற தேய்ப்பில் பூனை முடி சில உதிரும், ஊன்றி வளர்ந்த தாடை முடியை மஞ்சள் ஒன்றும் செய்யாது. மஞ்சளுக்கே ஒவ்வாமை வரும் தோல்களும் உண்டு. அத்தரை அன்று கழுத்தில் வைக்காதீர்கள், துணியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வருவது என் தொழில். தாடைக்குக் கீழே பொரிப்பொரியாக வரும் பெண்களில் பாதிப் பேருக்கு முடி எடுத்த முறையில் கோளாறு இல்லை, அதன் மேல் உரசும் துணியில்தான் கோளாறு. புர்காத் துணிகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். நிடா என்று நயமாக விற்பதும் அதுதான். பளபளக்கும், கசங்காது, வியர்வையை உறிஞ்சாது. பங்குனி, சித்திரை வெயிலில், தலையையும் கழுத்தையும் மூடும் மக்கனாவின் தாடைப் பகுதி வியர்வையில் நனைந்து, உப்புப் படிந்து, பேசும்போதெல்லாம் மேலும் கீழும் உரசுகிறது. அன்று காலையில் சவரமோ வேக்சிங்கோ செய்திருந்தால் மாலைக்குள் மயிர்க்கால்களில் சீழ்ப்பொட்டு வைத்துவிடும். ஆகவே தாடை படும் இடத்தில் உள்பக்கமாக நான்கு விரல் அகலத்துக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கிறேன். தையல் முடிச்சு தோல் பக்கம் வராமல் மடித்து அடிக்கவேண்டும், நைலான் நூல் கூடாது. புது மல்மலை இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்கிய பிறகுதான் வெட்டவேண்டும். என்னிடம் தைத்துக்கொண்ட ஒரு டீச்சர், களிம்பு எதுவும் மாற்றாமலே தடிப்பு அடங்கிவிட்டது என்று சொல்லி, தன் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் சிலரை அனுப்பி வைத்தார். ஜும்மாவுக்கு மறுநாள் அவர்கள் கூட்டமாக வந்ததில் என் தையல் மெஷின் அந்த வாரம் ஓயவில்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறையில் அரியமானுக்கோ சீனியப்பா தர்கா பக்கமோ குடும்பத்தோடு போவதென்றால், முதல்நாள் கால்முடியை எடுத்துவிட்டுப் போவது பெண்பிள்ளைகளின் வழக்கம். முடி பிடுங்கிய ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு திறந்த வாசல். உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், நனைந்த சல்வாரோடு மணலில் உட்கார்ந்தால் தொடை உள்பக்கம் தோல் பெயரும், இவற்றுக்கு மேல் வெயில். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே எடுத்துவிடுங்கள், அல்லது திரும்பி வந்து எடுங்கள். கடல் யார் கால்முடியையும் பார்ப்பதில்லை. சின்னப்பாலத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள், கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள். விரலுக்குத் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். பாறை கிழித்த கீறல்கள் உப்பில் ஊறி ஆறாமல் நிற்பதை அவள் காலில் பார்த்திருக்கிறேன். வேக்சிங்கைப் பற்றி அவளிடம் பேச்செடுத்தபோது, காசு கொடுத்தா தோலைக் கிழித்துக்கொள்கிறீர்கள் என்று சிரித்தாள்.

இத்தனையும் வெளியே தெரியும் முடியைப் பற்றியது. அது ஏன் வருகிறது என்று பார்க்காமல் சீவிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. எனக்குத் தாடையில் முடி தடித்தபோது மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனது. ராமநாதபுரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, கைகள், தொடை, மேல்முதுகு, இடுப்புப் பக்கம் என்று ஒன்பது இடங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார். ஃபெரிமன்–கால்வே என்ற இருவர் 1961இல் வகுத்த முறையின் திருத்திய வடிவம் அது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். எனக்கு வந்தது பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, இப்படி முடி வளரும் பெண்களில் பெரும்பாலோருக்கு அதுதான் காரணம். மாத்திரை எழுதும்போதே, ஆறு மாதம் ஆகாமல் பலன் இல்லை என்று என்னிடம் ஓடிவராதே என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே தடித்துவிட்ட முடி தன் ஆயுளை முடித்து உதிரவேண்டும், அதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையைத் தந்தால், அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். வெளிநாட்டிலிருந்து கணவர் விடுப்பில் வரும் மாதத்தை இங்கே பலரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. சொல்லுங்கள். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் கரகரத்து, முன்னந்தலை வழுக்கை விழுந்தால் அது பிசிஓஎஸ் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே போங்கள். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் மருந்துக்கடைக்காரர்களுக்குக் கோபம் வரும். முகத்தில் அரிப்பு என்றும் நிறம் வேண்டும் என்றும் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் டியூப்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு வந்து, கன்னத்தில் முடியும் முளைக்கும். அந்த முடியை எடுக்கப் போய்த் தடிப்பு வந்தால், தடிப்புக்கு மறுபடியும் அதே டியூப். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பெண்களை நான் அளவெடுக்கும் மேசைக்கு எதிரில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். திடீரென்று நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும் என்பதால், நிறுத்துவதையும் தோல் மருத்துவர் வழியாகவே செய்யவேண்டும்.

லேசருக்காக மதுரை வரைக்கும் போய்க் கேட்டு வந்தேன். லேசர் தேடிப் போவது முடியின் கறுப்பை. நம் தோலிலும் கறுப்பு இருப்பதால் தவறான கருவி தோலையே சுட்டுவிடும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி–யாக் லேசர்தான் பாதுகாப்பானது என்றார் மருத்துவர். வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே அது தாக்கும் என்பதால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போகவேண்டும். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுதலாக வளர்வதும் உண்டு, அதையும் அவர் மறைக்காமல் சொன்னார். லேசருக்கு வருவதற்குச் சில வாரம் முன்பிருந்தே நூலும் வேக்சும் கூடாது, வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் பிடிக்கும். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "ஷேவ் செய்துகொள்ளுங்கள்" என்றார். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பரமக்குடி வரைக்கும் என்னிடம் பேசவில்லை. வெயிலில் நடந்து போய்வரும் என் வாழ்க்கைக்கும் பஸ் செலவுக்கும் கணக்குப் போட்டுவிட்டு, அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

நரைத்த முடிக்கு லேசர் பயன்படாது, அதில் பிடித்துக்கொள்ளக் கறுப்பில்லை. மாதவிடாய் நின்ற பிறகு தாடையில் நட்டமாக நிற்கும் வெள்ளை முடிகளோடு வரும் மாமிகளுக்கு எலக்ட்ராலிசிஸ் ஒரு வழி. மெல்லிய ஊசியை ஒவ்வொரு மயிர்க்காலிலும் இறக்கி மின்சாரத்தால் வேரை அழிப்பது. 1875இல் சார்ல்ஸ் மிஷேல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணுக்குள் திரும்பி வளர்ந்து குத்தும் இமைமுடியை அகற்ற இதைப் பயன்படுத்தியதை வெளியிட்டார். கூர்மையான கண்ணும் பொறுமை கொண்ட கையும் வேண்டும், கரப்பான் தோலில் புள்ளி புள்ளியாகத் தழும்பும் விழலாம். எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய முடிகள். கண் தெரியாமல் முள்வாங்கியால் பிடுங்கி ஒவ்வொன்றையும் புண்ணாக்கி வைத்திருந்தார். வெளிச்சத்தில் உட்காரவைத்து, என் நூல்வெட்டும் சிறு கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டெடுத்து, தோலைத் தொடாமல் நறுக்கிவிட்டேன். இப்போது அவருக்கென்று தனிக் கத்தரிக்கோல் வாங்கி என் மெஷின் டிராயரிலேயே வைத்திருக்கிறார்.

மக்கனாவில் மல்மல் வைத்துத் தைப்பதற்கு நான் தனிக் கூலி வாங்குவதில்லை, வெட்டில் மிஞ்சும் துணிதான். பழைய மக்கனாவைக் கொண்டுவந்தாலும் பிரித்து வைத்துத் தருகிறேன், துவைத்துக் கொண்டுவாருங்கள். ரேசரை மட்டும் என்னிடம் இரவல் கேட்காதீர்கள். அக்கா தங்கைக்குள்ளும் மாற்றிக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், மஞ்சள்காமாலை பி வைரஸ் அதன் வழியாகவே வந்துவிடும்.